கண்புரை அறுவைக்குப் பின் கண் உலர்தலும் சொட்டு மருந்தும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில், கண்ணில் விடும் சொட்டு மருந்தைப் பற்றி நாம் பேச முன்வந்தது ஏன் என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. கண்புரை முகாம்களுக்கு ஊர் மக்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பில் பெரும் பங்கு தங்களுடையது. தயங்குகின்ற முதியோரிடம் பேசி இசைய வைப்பவர்களும், வண்டி ஏற்பாடு செய்பவர்களும் தாங்களே. அங்ஙனம் சென்று வந்த ஒருவர், மூன்று வாரம் கழித்துத் திண்ணையில் அமர்ந்துகொண்டு, "கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது, தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது, ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது" என்று சொல்லிவிட்டால் போதும்; அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வண்டியேற மாட்டார்கள். அவருடைய இரண்டாவது கண்ணும் புரையோடு அப்படியே கிடந்துவிடும். பெரும்பாலும் அவருக்கு வந்திருப்பது கண் உலர்தல் என்னும் சிறு கோளாறு. அதற்கு எளிய மருந்து உண்டு. இச்செய்தி ஊரில் தெரியாமையால், நல்ல முறையில் நடந்த அறுவைகூடக் கெட்ட பெயர் வாங்கிவிடுகிறது.

புரை என்பது யாது என்பதை முதலில் இரண்டொரு சொற்களிற் கூறிவிடுவோம். கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான வில்லை, வயது முதிர முதிரப் பளிங்குத் தன்மை இழந்து மங்குகிறது. அதற்குச் சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. அவ்வில்லையை அகற்றுவது ஒன்றே வழி. நம் பாட்டன்மார் காலத்தில், அகற்றிய வில்லைக்கு ஈடாக எதையும் கண்ணுக்குள் வைக்க மாட்டார்கள். சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற கனத்த கண்ணாடியை மூக்கின்மேல் மாட்டி அனுப்புவார்கள். அக்கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று. 1949ஆம் ஆண்டு இலண்டனில் ஹரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர், போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த ஒருவகைப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்து, அதே பொருளில் செய்த வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். அந்த வில்லையை இன்று நம் மாநிலத்திலேயே செய்கிறார்கள். மதுரையில் 1992ஆம் ஆண்டு முதல் செய்து வருகிறார்கள். வெட்டும் சிறிதாகிவிட்டது. கருவியால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையில் வெட்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாது. முகாம்களில் பெரிதும் வழங்கும் சிறுதுளை முறையில் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர்; அதற்கும் தையல் வேண்டுவதில்லை. மறுநாளே கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இவ்வளவு நேர்த்தியான அறுவைக்குப் பின் கண் உலர்வானேன்?

கண்ணின் மேற்பரப்பில் எப்பொழுதும் கண்ணீர்ப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு இராது. அடியில் வழவழப்பான சளி, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய். எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக உள்ள நுண்ணிய சுரப்பிகள். அவ்வெண்ணெய் இல்லையேல் அடியிலுள்ள நீர் விரைவில் ஆவியாகிவிடும். 1950களில் ஆஸ்திரேலிய நாட்டு விஞ்ஞானிகள் நீர்த்தேக்கங்களின் மேல் மெழுகு போன்ற ஒரு பொருளை மிக மெல்லிய படலமாகப் பரப்பி, நீர் ஆவியாவதைக் குறைக்க முயன்று பார்த்தார்கள். கோடையில் ஏரி வற்றுவதைக் கண்டு வருந்தும் நமக்கு அம்முயற்சியின் அருமை தெரியும். அதே வேலையை நம் இமை நாள் முழுதும் ஓசையின்றிச் செய்து வருகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறையப் பதினைந்து முறை நாம் கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் இப்படலத்தைப் புதிதாகப் பூசிவிடுகிறது.

கண்ணீர் வேண்டுமென்று சுரப்பிக்குச் சொல்வது யார்? கருவிழியிலுள்ள நரம்புகள். பாசன முறை தெரிந்த தங்களுக்கு இதை விளக்குவது எளிது. கடைமடை வயல் காய்ந்தால் அங்குள்ளவர் நீர்க்கட்டிக்குச் சொல்லியனுப்புகிறார். அவர் மடையைத் திறக்கிறார். சொல்லியனுப்ப ஆள் இல்லையேல் ஏரியில் நீர் இருந்தும் பயிர் வாடும். அறுவையின்போது வெட்டுப்படுகிற இடத்தில் இந்நரம்புகளிற் சிலவும் அறுபடுகின்றன. ஆகவே கண் காய்ந்த செய்தி சுரப்பிக்குச் சரிவரப் போய்ச் சேர்வதில்லை, சிமிட்டலும் குறைகிறது. இதனோடு, அறுவைக்கு முன் கிருமி நீக்க இடும் மருந்து, நுண்ணோக்கியின் கடும் ஒளி, பின்னர் பல வாரங்கள் விடும் சொட்டு மருந்துகள் ஆகிய எல்லாமாகக் கண்ணின் மேற்பரப்பைச் சற்றே புண்படுத்துகின்றன. அறுபட்ட நரம்புகள் மீண்டும் வளர்கின்றன. ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். முதல் மாதத்தில் தொல்லை மிகுந்திருந்து, மூன்று மாதங்களில் பெரும்பாலோர்க்குத் தணிந்துவிடுவதன் காரணம் இதுவே. முன்பிருந்தே கண் உலர்வு உள்ளவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் தொல்லை நீடிக்கலாம்.

உலர்ந்த கண்ணில் தண்ணீர் வடிவதாவது என்று கேட்பவர்கள் பலர். மருத்துவ உதவியாளர் "கண் உலர்ந்திருக்கிறது" என்று சொன்னதைக் கேட்டு, "ஐயா, கைக்குட்டை நனைகிறது, உலர்ந்தது என்கிறீர்களே" என்று கோபித்துக்கொண்ட பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் கேட்டதில் தவறில்லை. படலம் கிழிந்து கருவிழி உறுத்தும்போது, சுரப்பி திடீரென வெள்ளமாகக் கண்ணீரைக் கொட்டுகிறது. அது வெறும் நீர். எண்ணெயும் சளியும் அதில் போதிய அளவு இல்லை. புயல் மழையில் வந்த நீர் மண்ணில் இறங்காமல் ஓடிவிடுவதுபோல் அதுவும் கன்னத்தில் வழிந்தோடிவிடுகிறது. கண் மறுபடியும் காய்கிறது.

பார்வை மங்குவதும் அவ்வாறே. உலர்ந்த கண்ணில் பார்வை நிலையாக இராது. சற்று மங்கும்; இரண்டு முறை சிமிட்டினால் தெளியும்; மறுபடி மங்கும். தொலைக்காட்சி பார்க்கும்போதும் செய்தித்தாள் படிக்கும்போதும் இது மிகும். கூர்ந்து பார்க்கையில் நாம் சிமிட்ட மறந்துவிடுகிறோம். பல ஆண்டுகளுக்குப் பின் எழுத்துத் தெரிகிறதென்ற மகிழ்ச்சியில் நாள் முழுதும் பத்திரிகையை விடாமல் படிக்கும் முதியோரை நாம் தடுக்கப் போவதில்லை. இடையிடையே கண்ணை மூடித் திறக்கச் சொன்னால் போதும். இதற்கு மாறாக, அறுவை முடிந்து பல மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கழித்து, சிமிட்டினாலும் தெளியாத மூட்டம் மெல்ல மெல்ல ஏறினால், அது உலர்வன்று. வில்லையைத் தாங்கும் பின்புறச் சவ்வு மங்கியிருக்கலாம். "மறுபடி புரை வந்துவிட்டது" என்று அஞ்ச வேண்டியதில்லை. லேசர் ஒளிகொண்டு சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிடுகிறார்கள்.

இனி மருந்துக்கு வருவோம். உலர்ந்த கண்ணுக்கு இடும் சொட்டு மருந்தைச் செயற்கைக் கண்ணீர் என்று சொல்லலாம். மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்னும் பொருள் கலந்தது; குப்பியின்மேல் 0.5 விழுக்காடு அல்லது 1 விழுக்காடு என்று போட்டிருக்கும். ஹயலுரானிக் அமிலத்தின் உப்புக் கலந்த வகையும் உண்டு. இவை நோயைக் கொல்லும் மருந்துகள் அல்ல. நீரைப் பிடித்து வைத்து, கருவிழியின்மேல் வழவழப்பாகப் பரவி, நரம்புகள் வளரும்வரை கண்ணைக் காப்பவை. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை என்று தொடங்குவார்கள். வாரக்கணக்கில் விட்டுவர வேண்டும். இரண்டு நாள் விட்டுப் பார்த்துக் குணமில்லையென்று குப்பியைப் பரணில் எறிந்துவிடுவது நம் மக்களின் வழக்கம். விதை போட்ட மறுநாள் முளையைத் தேடுகிற வேலை அது.

தொல்லை அங்கே தொடங்குவதில்லை. குப்பிகளின் எண்ணிக்கையில் தொடங்குகிறது. அறுவை முடிந்தவருக்குக் கிருமி நாசினியும் ஸ்டீராய்டும் கொண்ட மருந்து தனியே கொடுப்பார்கள். அதை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வந்து, மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்திவிட வேண்டும். செயற்கைக் கண்ணீரோ அதற்குப் பின்னும் தொடர வேண்டியது. குப்பிகள் இரண்டும் ஒரே அளவு. மேலுள்ள எழுத்தோ ஆங்கிலம், அதுவும் எறும்பளவு. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் நிறுத்த வேண்டியதைத் தொடர்ந்து, தொடர வேண்டியதை நிறுத்திவிடுகிறார். இது விளையாட்டன்று. ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் தாமே வாங்கி விட்டுக்கொண்டால், சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பட்டுப்போகும். புரையால் போன பார்வை அறுவையால் திரும்பும். நரம்பு பட்டுப்போன பார்வை எதனாலும் திரும்பாது. எம் வட்டாரத்திலுள்ள மகளிர் குழுவினர் இதற்கொரு வழி கண்டார்கள். நிறுத்த வேண்டிய குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல், தொடர வேண்டியதில் பச்சை நூல். சிவப்பு நூலை அறுத்தெறிய வேண்டிய நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டுவிடுகிறார்கள். படித்த அலுவலர்களாகிய நமக்கு இது தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றிற்று.

கடைக்காரரிடம் "கண் சிவந்திருக்கிறது, ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் மருந்தும் செயற்கைக் கண்ணீர் ஆகாது. சிவப்பை மட்டும் மறைக்கும் மருந்துகள் சில உண்டு. அவற்றை விட்டுவந்தால், நிறுத்தியதும் கண் முன்னிலும் மிகுதியாகச் சிவக்கும். மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டியே வாங்குதல் வேண்டும்.

மருந்து விடும் முறையையும் சொல்லத்தான் வேண்டும். சோப்பிட்டுக் கை கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை ஒரு விரலால் மெல்ல இழுத்தால் சிறு பள்ளம் உண்டாகும். அதில் ஒரே ஒரு துளி. இரண்டாவது துளிக்கு அங்கு இடமில்லை. கன்னத்தில்தான் வழியும், காசும் அதனோடு வழியும். குப்பியின் முனை இமையிலோ மயிரிலோ விரலிலோ படலாகாது. பின்பு கண்ணை மூடி, மூக்கின் ஓரத்திலுள்ள கண்ணின் மூலையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்தினால், மருந்து தொண்டைக்கு ஓடிவிடாமல் கண்ணில் தங்கும். அறுவை செய்த விழியின்மேல் மட்டும் அழுத்தம் கூடாது. வேறு மருந்தும் விட வேண்டியிருந்தால் ஐந்து முதல் பத்து நிமிடம் இடைவெளி விட்டு விடுக. கை நடுங்கும் முதியவருக்குப் பேரப்பிள்ளைகளே விடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டினால் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

திறந்த குப்பியை ஒரு மாதத்துக்குமேல் வைத்திருத்தல் கூடாது. திறந்த தேதியைக் குப்பியின்மேலேயே எழுதிவிடுக. ஒருவர் மருந்தை மற்றவர் விட்டுக்கொள்ளலாகாது; கணவன் மனைவியாயினும் சரியே. இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூறுவது பொருந்தும். 2023ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த தொழிற்கூடம் ஒன்றில் செய்யப்பட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட செயற்கைக் கண்ணீரைப் பயன்படுத்தியவர்களிடையே கடுமையான கிருமித் தொற்று ஒன்று காணப்பட்டது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்றும், 14 பேர் பார்வை இழந்தார்கள் என்றும், நால்வருக்கு விழியையே அகற்ற நேர்ந்தது என்றும், நால்வர் இறந்தார்கள் என்றும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. அம்மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கிருமி வளராமல் காக்கும் பொருள் சேர்க்காத மருந்தை, பலமுறை திறந்து மூடும் குப்பியில் அடைத்து விற்றிருந்தார்கள்.

அந்தக் காப்புப் பொருளைப் பற்றி ஒரு நுட்பமுண்டு. அது குப்பிக்கு நல்லது. கண்ணுக்கு அவ்வளவு நல்லதன்று. நாளைக்கு நான்கு முறை விடுவோர்க்குப் பெரும்பாலும் கேடில்லை. அதற்குமேல் அடிக்கடி விட வேண்டிய நிலை வந்தால், அப்பொருளே கண்ணின் மேற்பரப்பை அரித்து உலர்வை மிகுவிக்கும். அத்தகையோர்க்கு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குமிழ்களில் காப்புப் பொருளற்ற மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். விலை கூடுதல்தான். அக்குமிழில் எஞ்சியதை மறுநாளைக்கென்று எடுத்து வைக்கும் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

மருந்தோடு வீட்டிலும் வயலிலும் சில காரியங்கள் கைக்கொள்ளத்தக்கவை. விறகடுப்பின் புகை உலர்ந்த கண்ணுக்குப் பெரும் பகை. அறுவை செய்துகொண்ட தாய்மாரைச் சில வாரங்களாவது அடுப்பங்கரையிலிருந்து விலக்கி வைக்க மருமக்கள் மனம் கொள்ள வேண்டும். மின்விசிறியின் காற்று நேரே முகத்தில் அடிக்கும்படி படுத்தலாகாது. ஆடிக் காற்றில் வெளியே செல்வோர் பக்கங்களும் மூடிய கண்ணாடி அணிதல் நன்று. நெல் அடிக்கிற களத்துக்கும் தூற்றுகிற இடத்துக்கும் மருத்துவர் சொல்லும்வரை போகவே வேண்டாம். உமியோ சுணையோ கருவிழியில் பட்டுப் பூஞ்சைப் புண் உண்டாதல் உழவர்களிடையே நாம் அடிக்கடி காண்பது. உணர்ச்சி குறைந்த கண்ணில் தூசு விழுந்ததே தெரியாமற் போகலாம். குளத்து நீரும் கிணற்று நீரும் கண்ணில் படாதிருக்கட்டும்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் என்று கண்ணில் விடும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. முன்னோரின் அறிவை நாம் இகழ்வதாகக் கொள்ள வேண்டாம். புதிதாக வெட்டுப்பட்ட விழி, திறந்த வாசல் போன்றது. கொதிக்க வைத்துக் கிருமி நீக்காத எதுவும் அதன் வழியே உட்புகலாம். சில மருத்துவர்கள் இமை விளிம்பின் சுரப்பிகள் அடைபட்டிருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியால் மூடிய இமைக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்வார்கள். அதுவும் புண் ஆறிய பின்னரே, அவர்கள் சொன்னால் மட்டுமே.

இத்தனையும் கேட்டு, "எல்லாம் உலர்வுதான், சொட்டு விட்டால் போகும்" என்று தாங்கள் ஊரில் போய்ச் சொல்லிவிடக் கூடாதென்பதே நம் பெருங்கவலை. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது அரிது. ஆயின் பிடித்தால் மணிக்கணக்கில் பார்வையைக் கொண்டுபோய்விடும். உலர்வில் உறுத்தலும் எரிச்சலும் உண்டு; தலையைப் பிளக்கும் வலி இல்லை. நேற்றுத் தெரிந்த பார்வை இன்று குறைதல், வலி ஏறிக்கொண்டே போதல், கடுஞ்சிவப்பு, இமை வீக்கம், சீழ், ஒளியைக் கண்டால் தாங்காமை ஆகியவற்றுள் எது காணினும் அன்றே, இரவாயினும், அறுவை நடந்த மருத்துவமனைக்கோ மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்க. "வெள்ளிக்கிழமை வேண்டாம்", "நாற்று நடவு முடியட்டும்" என்றெல்லாம் தள்ளிப்போட அந்நோய் இடம் தராது.

ஊராட்சி செய்யக்கூடியது என்ன? முகாமுக்கு ஆள் அனுப்புகையில், யார் யாருக்குக் கண் உறுத்தலும் எரிச்சலும் முன்பே உண்டு என்று கேட்டுக் குறித்து மருத்துவரிடம் கொடுங்கள். காய்ந்த கண்ணில் எடுக்கும் அளவு பிழைபட்டு, பொருத்தும் வில்லையின் வலிமையே மாறிப்போகக்கூடும். முன்னரே தெரிந்தால் கண்ணைப் பதப்படுத்திய பின் அளவெடுப்பார்கள். சென்று வந்தவர்களின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம் என ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள் எப்படியும் அதே வீடுகளுக்கு வருகிறார்கள். திண்ணையில் அமர்ந்திருப்பவரின் கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும், சிவப்பு நூல் கட்டிய குப்பி இன்னும் மாடத்தில் இருக்கிறதா என்று கேட்பதும் அவர்களுக்குப் பெரிய வேலையன்று. ஊராட்சியினர் கேட்டுக்கொண்டால் செய்வார்கள்.

சென்ற ஆண்டு ஓர் ஊராட்சியில் ஒரு கண் அறுவை செய்துகொண்டு, உறுத்தல் தாளாமல் மறு கண்ணுக்கு வரமாட்டேனென்று மறுத்த மூதாட்டியர் மூவரை அவ்வாறு போய்ப் பார்த்ததில், இருவருக்கு உலர்வு மட்டுமே இருந்தது. மூன்றாமவர் இமையின் மயிர் உள்நோக்கி வளர்ந்து விழியைக் கீறிக்கொண்டிருந்தது. அதைக் கண் மருத்துவ உதவியாளர் கண்டுபிடித்து மருத்துவரிடம் அனுப்பினார். முதல் இருவரும் பச்சை நூல் குப்பியோடு இரண்டு மாதம் கழித்தபின் மறு கண்ணுக்கும் வண்டியேறினார்கள். மூன்றாமவர் கழனி வேலை முடியட்டும் என்றிருக்கிறார். அவர் பெயரும் அடுத்த முகாமின் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது.